முப்பதடிக் குழாய்

“ஊத்து மாப்ள! யோசிக்காத, ஊத்து!”

ஜெரால்ட் போட்ட சத்தத்தில் பாதியை எஞ்சின் விழுங்கிவிட்டது. மீதி போதுமாக இருந்தது. ஜெயபாண்டி வாளியைச் சாய்த்தான். கொதிக்கிற தண்ணீர் சாக்குச் சுற்றிய குழாயின் மேல் விழுந்து, குபீரென்று ஆவியாகக் கிளம்பி இரண்டு பேர் முகத்தையும் மூடியது.

“முள் எங்கண்ணே நிக்குது?”

“நூத்தித் தொண்ணூறு.”

“ஏறுதா, எறங்குதா?”

“மொதல்ல அடுத்த வாளிய எடு.”

ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஜெரால்டுக்கே தெரியவில்லை. வோல்ட் மீட்டரில் முள் நடுங்கிக்கொண்டிருந்தது. இருநூற்று முப்பதில் அசையாமல் நிற்க வேண்டிய முள். அது நூற்று எண்பதுக்குக் கீழே போனால், தெருக் கடைசியில் இருக்கிற மருந்தகத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒருமுறை அலறிவிட்டு நின்றுவிடும். அந்த மெஷினிலிருந்து போகிற மெல்லிய டியூபின் மறுமுனையில் ஜெயபாண்டியின் ஏழு மாத மகள் பவதாரிணி கிடந்தாள். நிமோனியா. மூன்று நாள் சளி என்று நினைத்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் உதடு நீலம் பாரித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது காலை எட்டேகால்.

ஈச்சங்கரடு, மதுரைக்கு மேற்கே சமவெளி முடிந்து கரடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. நாற்பத்தோரு வீடு, ஒரே தெரு. ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர் காடு. காட்டுக்குள் மின்கம்பி இழுக்கலாம் என்று ஒரு வழக்கு, கூடாது என்று ஒரு வழக்கு. இரண்டும் நடக்கிறபோது நடக்கட்டும் என்று ஒரு மிஷன் டிரஸ்ட் எட்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே சின்னதாக ஒரு மருந்தகத்தையும் ஒரு பவர் ஹவுஸையும் கட்டிக் கொடுத்தது. கப்பலூரில் மூடிப்போன ஒரு நூல் மில்லின் பழைய ஜெனரேட்டரை வாங்கி லாரியில் ஏற்றியபோது, அதை இருபது வருஷம் ஓட்டிய ஜெரால்டையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். குடும்பம் திருநகரில். அவர் இங்கே. ‘எஞ்சினுக்கு இனாமா வந்தவரு’ என்று ஊரில் பேர்.

மில் எஞ்சின் ஃபர்னஸ் ஆயிலில் ஓடுகிற ரகம். கறுப்பு எண்ணெய். சூடு இருக்கிறவரை ஓடும், ஆறினால் வெல்லப்பாகு மாதிரி இறுகும். அதற்காகத்தான் டேங்கில் ஒரு ஹீட்டர். நிறுத்துவதாக இருந்தால் கடைசி இருபது நிமிஷம் டீசலில் ஓட்டி, குழாயில் இருக்கிற கறுப்பைக் கழுவி வெளியேற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கழுவாமல் நின்றதென்றால் குழாய், பம்ப், நாசில் எல்லாம் அடைத்துக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி கிளப்ப ஒரு முழு நாள்.

அந்த ஹீட்டர் இன்று விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் புகைந்து கருகிவிட்டது. மாற்று ஹீட்டர் கப்பலூரில். டீசல் டிரம் காலி, ஏனென்றால் நான்கு நாள் மழையில் ஓடைத் தரைப்பாலத்துக்கு மேலே ஆள் உயரத்துக்குத் தண்ணீர். லாரி வரவில்லை. ஜெயபாண்டி தன் டிராக்டர் டேங்கில் இருந்த பன்னிரண்டு லிட்டரை உறிஞ்சிக் கொண்டுவந்து ஊற்றினான். அது அரை மணி நேரத்துக்கு வந்தது. ஆறு மணியிலிருந்து அக்கரையில் ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் வடிந்தால்தான் இக்கரை.

ஆக, எஞ்சின் நிற்கக் கூடாது. டேங்கிலிருந்து எஞ்சின் வரை போகிற முப்பதடிக் குழாயில் எண்ணெய் இறுகக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

வெந்நீர் யோசனை ஜெரால்டுடையது. சாக்கைக் கிழித்துக் குழாய் முழுக்கச் சுற்றினார். ஜெயபாண்டி தெருவில் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடினான். பத்து நிமிஷத்தில் தெரு முழுக்க அடுப்புகள் எரிந்தன. கேஸ் இருந்தவர்கள் கேஸில், தீர்ந்துபோனவர்கள் விறகில். குடம், குண்டான், பால் கேன் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் கொதிநீர் பவர் ஹவுஸை நோக்கி வரிசையாக வந்தது.

“கல்யாணம் ஆகிப் பதினாலு வருசம். எங்க வீட்டு ஆளுக்கே நான் ஒரு நாள் வெந்நி வெச்சதில்ல” என்றாள் பாண்டிமீனா, குடத்தை இறக்கிக்கொண்டே. மூன்றாவது வீட்டுக்காரி. “இந்தக் குழாய்க்கு வந்த வாழ்வப் பாருங்க.”

“குழாய்க்குக் குளிச்சு முடிச்சதும் சாம்பிராணி போடணும், ஞாபகம் வெச்சுக்கோ” என்றார் ஜெரால்ட்.

ஜெயபாண்டி சிரிக்கவில்லை. அவனுக்குக் காதில் விழவும் இல்லை. அவன் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஒன்பதரைக்கு முள் இருநூற்றில் நின்றது. ஜெரால்ட் முதல் தடவையாகச் சட்டையால் முகத்தைத் துடைத்தார். ஊரில் எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லியாகிவிட்டது. ஊருக்கும் மருந்தகத்துக்கும் ஒரே கம்பிதான். தனியாகப் பிரிக்க வழியில்லை. ஆனால் எல்லோரும் அணைத்துவிட்டால் எஞ்சின் இழுக்க வேண்டியது ஒரே ஒரு மெஷினைத்தான். அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போதும்.

அப்போது ஆம்பியர் மீட்டர் துள்ளியது.

சும்மா இருந்த முள் ஒரே எகிறாக எகிறியது. எஞ்சின் தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி ஒரு விக்கு விக்கியது. வோல்ட் முள் சடசடவென்று சரிந்து நூற்று எண்பத்திரண்டைத் தொட்டுத் திரும்பியது.

ஜெரால்டின் போன் அடித்தது. மருந்தகத்து நர்ஸ் ஹெப்சிபா.

“அண்ணே, மெஷின் பீப் அடிச்சுது. என்ன பண்றீங்க அங்க?”

“நின்னுச்சா?”

“நிக்கல. ஆனா பிள்ளைக்கு ஆக்சிஜன் அளவு எம்பத்தாறுக்கு வந்துருச்சு. தொண்ணூத்தியொண்ணுல இருந்துச்சுண்ணே. சிலிண்டர் ராத்திரியே காலி. என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

“சரி பண்றேன் சிஸ்டர். வைங்க.”

பன்னிரண்டு நிமிஷம் கழித்து முள் மறுபடி துள்ளியது. மறுபடி விக்கல். ஜெரால்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இது விளக்கு இல்லை, ஃபேன் இல்லை. தானாக நின்று தானாக ஓடுகிற சாமான். கம்ப்ரசர்.

“மாப்ள, ஊருல ஐஸ் பெட்டி யார் வீட்டுல இருக்கு?”

ஜெயபாண்டியின் கை வாளியோடு நின்றது. “ஒரே வீட்டுலதான்.”

“யாரு?”

“பேயாண்டி வீடு. கடையில விக்கிற குச்சி ஐஸுக்குன்னு வீட்டுக்குள்ள வெச்சிருக்கிற பெட்டி.” பெரியப்பா என்று சொல்லவில்லை. சொந்தப் பெரியப்பாதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜெயபாண்டியின் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையில் பேயாண்டி முள்வேலி போட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு. போலீஸ் ஸ்டேஷன் வரை போய் வந்துவிட்டார்கள்.

“ஓடிப்போயி அணைக்கச் சொல்லு.”

“நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேண்ணே.”

“கிறுக்குப்பயலே, உம் பிள்ளைடா!”

“எம் பிள்ளைங்கிறதுனாலதான் பெட்டி ஓடுது. இம்புட்டு நேரம் தட்டைத் தட்டி அணைங்க அணைங்கன்னு கத்துனேன். அந்த வீட்டுல காது கேக்கலையா? நான் போனா இன்னும் ரெண்டு சுவிட்சு சேத்துப் போடுவாங்க. நீங்க போங்க. உங்களத்தான அவருக்குப் புடிக்கும்.”

அதென்னவோ உண்மை. பேயாண்டிக்கு ஜெரால்டைப் பிடிக்கும். தினம் காலை ஏழு மணிக்கு ஜெரால்ட் டீ குடிக்க அந்தக் கடைக்குத்தான் போவார். நெஞ்சுச் சளியோடு இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டே, “என்ன எஞ்சின் மாப்ள, ஒம் பொண்டாட்டி ராத்திரியெல்லாம் இருமுறா, எனக்கு மேல இருக்கா” என்று எஞ்சினைச் சொல்லுவார் பேயாண்டி. மாப்ள என்று அவர் ஆரம்பித்து வைத்ததால் இவருக்கு அவர் மாமா. அவர் சம்சாரம் ராமக்காள் அத்தை.

ஜெரால்ட் வாளியைப் பாண்டிமீனா கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அடுப்புப் புகை வெளியே வந்துகொண்டிருந்தது. பேயாண்டி வீட்டில் மட்டும் புகை இல்லை. கடைப் பலகை சாத்தியிருந்தது. வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. கதவிடுக்கில் கசிந்து வாசல் கல்லில் தண்ணீர் மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது.

ஜெரால்ட் கதவை இடித்தார். “மாமா! அத்தை!”

கதவு ஒரு சாண் திறந்தது. ராமக்காள் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்து, கதவைத் தன் முதுகோடு சேர்த்துச் சாத்திக்கொண்டாள். அறுபதை ஒட்டிய வயது. கண்டாங்கிச் சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

“என்ன மாப்ள?”

“என்ன மாப்ளயா? ஊரே வெந்நி காய்ச்சுது. உங்க வீட்டுல ஒரு சொம்பு காய்ச்சினீங்களா? அது போகட்டும். ஐஸ் பெட்டிய ஏன் ஓடவிட்டிருக்கீங்க?”

“ஓடட்டும் மாப்ள. இன்னும் கொஞ்ச நேரம்.”

ஜெரால்டுக்குத் தலைக்கு ஏறியது. “குச்சி ஐஸு உருகிருமா? அங்க ஒரு பச்சப்பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது அத்தை. உங்க பெட்டி ஒவ்வொரு தடவை ஓடுறப்பவும் எஞ்சின் செத்துப் பொழைக்குது. எஞ்சின் நின்னா பிள்ளை போச்சு. வரப்புச் சண்டைய ஏழு மாசப் பிள்ளைகிட்டயா காட்டுவீங்க? மாமாவக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்.”

“அவருக்கு முடியல. படுத்திருக்காரு.”

“படுத்துக்கிட்டே பேசட்டும்.”

அவர் கதவைத் தள்ளப் போனார். ராமக்காள் நகரவில்லை. ஆனால் அவர் கை தன்மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

“அந்தப் பெட்டியா பிள்ளையோட மெஷின இழுக்குது?” என்றாள்.

“பின்ன?”

“எனக்கு அது தெரியாது மாப்ள. நான் அணைச்சுர்றேன்.”

“நீங்க அணைப்பீங்க, நான் அந்தப் பக்கம் போனதும் போடுவீங்க.”

சொன்ன கையோடு ஜெரால்ட் வாசலுக்கு எதிரில் இருந்த கம்பத்தில் ஏறினார். இடுப்பில் எப்போதும் கட்டிங் பிளேயர் உண்டு. அந்த வீட்டுக்குப் போகிற கம்பியை நறுக்கென்று வெட்டினார். உள்ளே உறுமல் அடங்கியது. கீழே பார்த்தார். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். ராமக்காள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளை எப்படி இருக்கு?” என்றாள்.

“இருக்கு. உங்க புண்ணியத்துல இல்ல.”

இறங்கி ஓடினார். கொஞ்ச தூரம் போனதும் அந்தக் கடைசி வார்த்தை வேண்டாமே என்று தோன்றியது. திரும்ப நேரமில்லை.

பதினொன்றரை வரை எல்லாம் ஓடியது. முள் இருநூற்றுப் பத்தில். மருந்தகத்தில் தொண்ணூறு. ஜெயபாண்டியின் இடது கை முழங்கை வரை கொப்பளித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வலது கையால் ஊற்றினான்.

“பெட்டி நின்னுருச்சா?”

“வெட்டிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டாங்க.”

“கேப்பாங்க. போச்சான்னு தெரியணும்ல.” ஜெயபாண்டி துப்பினான். “பவிக்குப் பேரு வெச்ச அன்னைக்கு ஊரே வந்துச்சு. அந்த வீட்டுல இருந்து ஒரு ஆள் எட்டிப் பாக்கல. எம் பொண்டாட்டி மீனா அழுதா தெரியுமா? எனக்கு அய்யா செத்து அஞ்சு வருசம் ஆச்சு. எனக்குன்னு இருந்த ஒரே பெரிய மனுசன் அந்தாளுதான்.”

ஜெரால்ட் எஞ்சின் பக்கம் திரும்பினார். எஞ்சின் சத்தம் மாறியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் கேட்ட காது. ஆறு சிலிண்டரில் ஒன்று தடுமாறியது. ஃபில்டர் அடைக்கிறது.

ஓடுகிற எஞ்சினில் ஃபில்டர் மாற்றக் கூடாது. மாற்றினால் எண்ணெய் போகிற வழியில் சில நொடிகள் காற்றுப் புகும். ஆனால் மாற்றாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் நிற்கும்.

ஹெப்சிபாவுக்குப் போன் போட்டார். “சிஸ்டர், கரண்டு எறங்கப் போகுது. ஒரு நிமிசம், கூடினா ரெண்டு. மெஷின் நின்னா என்ன செய்வீங்க?”

“கையால அமுக்குற பலூன் இருக்குண்ணே. அதுல ஆக்சிஜன் இல்ல, வெறும் காத்துதான். ரெண்டு நிமிசம் தாங்கும். அதுக்கு மேல கேக்காதீங்க.”

“கையில எடுத்துக்கோங்க. இப்ப.”

ஸ்பேனரைப் போட்டார். நட்டு சுட்டது. கறுப்பு எண்ணெய் மார்பில் பீய்ச்சியது. எஞ்சின் விக்கியது, இருமியது, மூச்சு வாங்கியது. முள் நூற்று எழுபது. நூற்று அறுபது. பல்ப் செம்பு நிறத்துக்கு மங்கியது. தெருக் கடைசியில் மெஷின் அலறுவது இங்கே கேட்காது. ஆனால் ஜெயபாண்டி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்தபடி நின்ற விதத்தில், அவனுக்கு அது கேட்டுக்கொண்டிருந்தது.

“ஊத்துடா!”

ஊற்றினான். ஜெரால்ட் மூடியை முறுக்கினார். ஒரு சுற்று. இரண்டு. நூற்று ஐம்பத்தைந்து. கை வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முறுக்கினார்.

எஞ்சின் ஒரு பெரிய புகையைக் கக்கிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது.

போன். “வந்துருச்சுண்ணே. எழுபத்தி மூணு வரைக்கும் போயிட்டு வந்துருச்சு. இனி ஒரு தடவை இப்படிப் பண்ணாதீங்க. நான் தாங்க மாட்டேன்.”

ஜெரால்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கவனித்தார். வெந்நீர் வரிசை மெலிந்திருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குடம் வந்த இடத்தில் இப்போது பத்து நிமிஷமாக ஒன்றையும் காணோம்.

“என்னாச்சு பாண்டிமீனா?”

“விறகு இல்லண்ணே. நாலு நாளா மழை. இருந்ததெல்லாம் எரிச்சாச்சு. ஈர விறகு புகையுது, எரிய மாட்டேங்குது. கேஸும் பாதி வீட்டுல தீந்துருச்சு.”

முள் இருநூற்றிலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது.

ஜெரால்ட் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வீடாகப் பார்த்து, எரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம் என்று கிளம்பினார். கேட்க வேண்டியிருக்கவில்லை. தெரு நடுவில் ராமக்காள் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகை திறந்திருந்தது. தகரக் கூரைக்குக் கீழே சொட்டு மழை படாமல் ஆள் உயரத்துக்கு அடுக்கிய கருவேல விறகு.

“எடுத்துட்டுப் போங்கடி! என்ன வேடிக்கை?” ராமக்காள் சத்தம் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது. “ஒரு வீட்டுல அடுப்பு அணையக் கூடாது. மூக்கம்மா, உங்க அடுப்புல ஏன் புகை மட்டும் வருது? காஞ்ச விறகு எடு!”

பெண்கள் கொட்டகைக்குள் புகுந்தார்கள். ராமக்காள் ஒரு விறகைக்கூடத் தன் கையால் எடுத்துத் தரவில்லை. தள்ளியே நின்று விரட்டினாள். கொதிக்கிற குண்டானை ஒற்றைக் கையில் பிடித்துத் தடுமாறிய ஒருத்தி, “இந்தா, ஒரு காதைப் பிடி” என்றபோது, இரண்டடி பின்னால் போனாள். “நான் தொட மாட்டேன். நீயே தூக்கு.”

“வேலியப் போட்ட வீம்பு இன்னும் போகல பாருங்க” என்று பாண்டிமீனா ஜெரால்டின் காதருகே முணுமுணுத்தாள். “விறகக் குடுப்பாங்களாம், ஜெயபாண்டி பிள்ளைக்குப் போற வெந்நியத் தொட மாட்டாங்களாம்.”

ஜெரால்டுக்கும் அப்படித்தான் பட்டது. கம்பியை வெட்டியதில் பயந்துவிட்டாள், ஊர் வாயை அடைக்க விறகைத் திறந்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். எதுவானாலும் விறகு வந்தது. அது போதும்.

ராமக்காள் இரண்டு மணி வரை தெருவில்தான் இருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, மறுபடி பூட்டிவிட்டு வந்தாள். யாராவது “பேயாண்டி மாமா எங்க?” என்று கேட்டால், “படுத்திருக்காரு, உன் அடுப்பப் பாரு” என்றாள்.

இரண்டே முக்காலுக்கு ஓடைப் பக்கமிருந்து விசில் சத்தம். தண்ணீர் முழங்காலுக்கு வடிந்துவிட்டது. அக்கரையிலிருந்து ஒரு டிராக்டர், ஆம்புலன்ஸ்காரர்களையும் ஒரு சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு தரைப்பாலத்தில் இறங்கியது.

ஜெயபாண்டி வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, ஜெரால்டின் எண்ணெய்க் கையைப் பிடித்தான்.

“போடா. போயி பிள்ளையப் பாரு.”

“எஞ்சின்...?”

“நீங்க அக்கரை ஏறுற வரைக்கும் நிக்காது. போ.”

ஜெரால்ட் இன்னும் முக்கால் மணி நேரம் ஓட்டினார். பாண்டிமீனாவும் இன்னும் நாலு பேரும் ஊற்றினார்கள். மூன்றரைக்கு ஹெப்சிபாவின் போன் வந்தது. ஓடையைத் தாண்டி, தார் ரோட்டிலிருந்து பேசினாள்.

“ஆம்புலன்ஸ்ல இருக்கோம். மதுரைக்குப் போறோம். தொண்ணூத்தி நாலுண்ணே. கையக் காலை ஆட்டுறா. கண்ணு முழிச்சு மீனாவப் பாக்குறா.”

“ஜெயபாண்டி?”

“சிலிண்டரக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்குறான்.”

ஜெரால்ட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு லீவரை இழுத்தார். எஞ்சின் நான்கைந்து தடவை முனகிவிட்டு நின்றது. முப்பதடிக் குழாயில் எண்ணெய் இறுகத் தொடங்கும். நாளை முழுக்கக் கழற்றிக் கழுவ வேண்டும். இன்று ஊருக்கு விளக்கு இல்லை. பரவாயில்லை.

பவர் ஹவுஸுக்கு வெளியே வந்தபோது ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது. வெந்நீர் போட்ட பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“பிள்ளை பொழைச்சுக்கிச்சு” என்றார். “போயி அடுப்ப அணைச்சுட்டுப் படுங்க எல்லாரும்.”

அவர் படுக்கப் போகவில்லை. கட்டிங் பிளேயரையும் ஒரு முழம் வயரையும் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தார். வெட்டிய கம்பியைச் சேர்த்துவிட வேண்டும். காலையில் சொன்ன வார்த்தைக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனார். மாமா எழுந்திருந்தால் நன்றாக இருக்கும். அவர் ஏதாவது கேலி பேசி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்.

ராமக்காள் சாத்திய கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் கேட்டாள்.

“எஞ்சின நிப்பாட்டிட்டியா மாப்ள?”

“நிப்பாட்டியாச்சு அத்தை. கம்பியச் சேத்து வெச்சிருவோம்னு வந்தேன். காலைல நான்...”

“பிள்ளை?”

“நல்லா இருக்கு. கண்ணு முழிச்சிருச்சு. மதுரைக்குப் போயிக்கிட்டு இருக்காங்க.”

“ஜெயபாண்டியும் போயிட்டானா?”

“கூடத்தான் போறான்.”

“தெருவுல அடுப்பு?”

“இனி எதுக்கு? அணைக்கச் சொல்லிட்டேன்.”

ராமக்காள் தலையை ஆட்டினாள்.

“அப்ப இனி நான் அழுகலாம்ல?” என்றாள்.

“ஏன் அத்தை? என்ன...”

அவள் கதவைத் திறந்தாள்.

கட்டிலில் பேயாண்டி மல்லாந்து கிடந்தார். தாடையைச் சுற்றி உச்சியில் வெள்ளைத் துணி முடிச்சிட்டிருந்தது. இரண்டு கால் கட்டை விரல்களும் சேர்த்துக் கட்டியிருந்தன. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பாட்டில்கள், ஐஸ் பெட்டியில் உறைய வைத்தவை. எல்லாம் உருகித் தண்ணீராகியிருந்தது. பாட்டில்களின் மேல் வேர்த்து வடிந்த தண்ணீர்தான் வாசல் வரை ஓடியிருந்தது.

ஜெரால்டின் கையிலிருந்து பிளேயர் விழுந்தது.

“எப்ப?”

“காலைல ஆறரை மணிக்கு. ஜெயபாண்டி தட்டைத் தட்டிக்கிட்டு ஓடியாரான், வீட்டுக்கு வீடு அடுப்பப் பத்த வைங்கன்னு. அப்பத்தான் இவருக்கு மூச்சு அடங்குது. அழுக வாயத் தொறந்தேன். மூடிட்டேன்.” அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “பொணம் கெடக்குற தெருவுல எவ அடுப்பு மூட்டுவா மாப்ள? விளாங்குடியில மகளுக்குக்கூடச் சொல்லல. சொன்னா அவ போன் போட்டு ஊரையே எழுப்பிருவா.”

“ஜெயபாண்டிகிட்ட மட்டுமாவது...” ஜெரால்ட் செருப்பைக் கழற்றினார். “அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை.”

“அவன்கிட்டயா?” ராமக்காள் கட்டிலின் பக்கம் திரும்பினாள். “இவருக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. கொள்ளி வைக்க வேண்டியவனே அவன்தான். சொன்ன நிமிசம் வாளியக் கீழ வெச்சிருப்பான்.”